கோப்பியின் இடது கண்

காலை பத்தேகால். கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குப் பத்து நிமிட நடை. பூக்கடைகளைத் தாண்டி, ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் ஓவியர் ஸ்டெல்லாவின் அறை. கிள்ளானில் வாழும் என் தங்கை மலர், பதினான்கு வருடம் வளர்த்த நாய் கோப்பியைப் போன மாதம் பறிகொடுத்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் மாப்பிள்ளை கோப்பியின் படத்தை வரையச் சொல்லியிருந்தார். அதை வாங்கி வரும் வேலை, திருச்சியிலிருந்து வந்து இறங்கிய என் தலையில் விழுந்தது.

படத்தைப் பார்த்து மலைத்துப்போனேன். கிள்ளான் வீட்டுக் கூரைகளுக்கு மேலே கோப்பி மிதக்கிறது. கழுத்தெல்லாம் மயில்தோகை, வயிற்றில் மீன் துள்ளும் தாமரைக்குளம், வால் நுனியில் குத்துவிளக்கு. இடது கண் மட்டும் வெறும் வெள்ளையாக இருந்தது. கோப்பி வாலாட்டுவதை நான் கைப்பேசியில்தான் பார்த்திருக்கிறேன்.

“கண்ணு முடிக்கலையேம்மா” என்றேன்.

“அனுப்புன போட்டோவுல அப்படித்தான் அங்கிள் இருக்கு.”

“வெயில் பட்டிருக்கும். கறுப்பு வைங்க. குருட்டுப் படம் வீட்டுக்கு ஆகாது.”

அவர் என்னை ஒருகணம் பார்த்தார். பிறகு கறுப்புப் பொட்டு வைத்தார். என் வாய் சும்மா இருக்காது என்பது ஊரறிந்த விஷயம்.

பதினொன்றரை. கிள்ளான் போகும் கொம்யூட்டர் புறநகர் ரயில். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம், கட்டணம் ஐந்து ரிங்கிட்டுக்குள். சுபாங் ஜெயாவில் ஏறிய ஓர் அம்மாள், படத்தைச் சுற்றிய காகிதம் விலகிய இடத்தில் எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, இது என்ன சாமி?”

“என் தங்கச்சி வளத்த நாய்ம்மா.”

“அப்ப சாமிதான் லா” என்று நகர்ந்து, படத்துக்கும் இடம் விட்டார்.

பகல் ஒரு மணி, மலரின் வீடு. மலர் மயில்தோகையைத் தடவினாள், குளத்து மீனைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணுக்கு வந்ததும் முகம் வாடிவிட்டது.

“நல்லா இருக்குண்ணே. ஆனா இது என் கோப்பி இல்ல. அதுக்கு இந்தக் கண்ணு மூணு வருஷமா தெரியாது. புரை விழுந்து வெள்ளையாயிடுச்சு.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நடந்ததை அவளிடம் சொல்லிவிட்டு ஸ்டெல்லாவைக் கைப்பேசியில் அழைத்தேன்.

“ஈரத்துணியால மெல்லத் தொடைங்க அங்கிள். கழுவுனா போற சாயம்தான் வச்சேன். வீட்ல அந்த வெள்ளைக் கண்ணையே கேப்பாங்கன்னு தெரியும்.”

மலர் துடைத்தாள். கறுப்பு கரைந்து வெள்ளைக் கண் தெரிந்தது. “வந்துட்டியாடா” என்று அழுதாள். அன்று இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டாள். எனக்கும் அப்போதுதான் பசித்தது.

கூடத்து நடுச்சுவரில் மாட்டலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. சமையலறைக்கு எதிரே மாட்டினாள்.

“இங்கருந்தாதான் வலது கண்ணுல என்னைப் பாக்கும். நான் இருக்கேன்னு அதுக்குத் தெரியணும்லண்ணே.”

புறப்படும் நாள், காலை ஆறு. டாக்சி வந்துவிட்டது. திருச்சியில் எங்கள் வீட்டில் நாயை வாசற்படி ஏறவிட மாட்டோம். தூக்கிய பெட்டியைக் கீழே வைத்தேன். படத்தின் வலது கண் பக்கமாகப் போய் நின்று, “போயிட்டு வரேன்டா” என்றேன்.