தென்னேரிக் கரையில் என் முதுகு

பேய், ஆவி என்று எவனாவது பேச்சை ஆரம்பித்தால், எழுந்து போய் செல்போனை சார்ஜில் போட்டுவிட்டு வருகிற ஆள் நான். கதை முடிகிற நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து, "அப்புறம் அந்த மோகினி ஆதார் கார்டு காட்டிச்சா?" என்று கேட்பேன். அதனால் இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தம் இல்லை, நானே எத்தனையோ பேரைப் பார்த்துச் சிரித்தவன்தான். ஆனால் நடந்தது நடந்ததுதான். வேண்டுமானால் என் வீட்டுக்காரியைக் கேளுங்கள். பார்த்தவள் அவள்தான், நான் பார்க்கவில்லை, அதுதான் இதில் சிக்கலே.

நான் பட்டு நெய்கிறவன். நாற்பத்து மூன்று வயது வரைக்கும் சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் ஒன்றைப் பார்த்தேன், என்ன கிறுக்குப் பிடித்ததோ, கோழிகளை விரட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். ஓ, முன்னே ஓட்டினவர் செத்துப்போய் ஆவியாக அலைகிறாரா என்று முந்திக்கொள்ள வேண்டாம். அவர் நன்றாக இருக்கிறார், தினமும் சாயங்காலம் கேரம் ஆடுகிறார், நான் விசாரித்துவிட்டேன்.

ஓட்டக் கற்றுக்கொண்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டும். தறியில் உட்கார்ந்தால் குழிக்குள் இரண்டு காலும் மாறி மாறி மிதிகட்டையை மிதிக்கும், ஒன்று இறங்கினால் மற்றது ஏறும், இருபத்தைந்து வருஷப் பழக்கம். பைக்கில் ஏறியும் கால் அதையேதான் செய்தது. இடது கால் கியரை மிதித்தால், யாரும் சொல்லாமலே வலது கால் பிரேக்கை மிதித்துவிடும். வண்டி ஒரு முழம் போகும், நிற்கும், இன்னொரு முழம் போகும், நிற்கும்.

"இன்னா ஏகாம்பரம், ரோட்டுல பொடவை நெய்றியா?" என்று கேட்டது ஆரோக்கியம். பள்ளிக்கூடத்தில் என்னோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவன், இப்போது ரயில்வே கேட் பக்கத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். ரிப்பேரை அவனிடம் விடாமல் நானே கற்றுக்கொள்வேன் என்று சபதம் போட்டிருந்தேன், அவன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். கார்புரேட்டரைப் பிரித்து மாட்டினதில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் வந்தது. கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா போட்டிருக்கிறான் போல என்றேன். அவன் அந்த ஸ்க்ரூவை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

இன்ஜினில் ஸ்பார்க் பிளக் மாட்டுகிற இடத்தில் திருகுமரை தேய்ந்து, பிளக் லூசாக ஆடியது. தண்ணீர்க் குழாய்க்கு நூல் சுற்றி முறுக்குவதில்லையா, அந்த யோசனையில், தறியில் அறுந்து கிடந்த பட்டு நூலை எடுத்து பிளக்கின் மரைமேல் நாலு சுற்று சுற்றி முறுக்கினேன். ஆரோக்கியம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"டேய், பிளக்கு இன்ஜின் ஒடம்பத் தொட்டாத்தாண்டா பொறி வரும். நடுவுல பட்டு கட்டி விட்டுக்கினு இருக்கியே, அதுக்கு இன்னா கல்யாணமா?"

"காஞ்சிபுரத்து வண்டிடா. பட்டு இல்லாம எப்படி வெளிய போவும்?"

அவன் எதிரில் அவிழ்த்தேன், அவன் அந்தப் பக்கம் போனதும் மறுபடி சுற்றினேன். சொன்னதைக் கேட்கிற ஆளாக நான் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வண்டியும் ஓடத்தான் செய்தது.

என் வீட்டுக்காரி கோமதிக்கு அந்த வண்டி ஆகவே ஆகாது. அதன் புகை வீட்டுக்குள் வந்து தறியில் இருக்கிற பட்டில் ஏறுகிறது என்பது அவள் வாதம், அதில் உண்மையும் இருந்தது. தென்னேரியில் அவள் தங்கைக்கு வளைகாப்பு வந்தது. முதல் நாள் ராத்திரி சோறு போட்டுக்கொண்டே தீர்ப்பு சொன்னாள்.

"நாளைக்கு இதுலயே போலாம். தள்ளக் கூடாது, ஆட்டோ புடிக்கக் கூடாது, ஆரோக்கியம் அண்ணனுக்குப் போன் போடக் கூடாது. நடுவுல நின்னா உங்க கையால ரிப்பேர் பண்ணி, ஓட்டிக்கினே வீடு வந்து சேரணும். சேந்தா வண்டி இருக்கட்டும். இல்லன்னா திங்கக்கிழமை காயலான்கடை."

"அவ்ளோதானே," என்றேன்.

போகும்போது ஒரு தும்மல்கூட இல்லை. வாசலில் வண்டியை நிறுத்தினதும் சகலை, அதாவது வளைகாப்புப் பெண்ணின் புருஷன், புகையைக் கையால் விலக்கிக்கொண்டு வந்தான். "இன்னா சகலை, ஏரியில கொசு மருந்து அடிக்கப் பஞ்சாயத்துல சொல்லி அனுப்பினாங்களா?" என்றான். கூட்டமே சிரித்தது, அதில் பெரிதாகக் கேட்ட சிரிப்பு கோமதியுடையது. நான் ஐந்து வகைச் சோற்றையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, எல்லோரும் பார்க்க ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து கிளம்பினேன். அந்தக் கர்வம் ஏரிக்கரையில் பாதி தூரம் தாங்கியது. வண்டி இரண்டு முறை குலுங்கி, நின்றது.

மணி மூன்றரை இருக்கும். நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், பளீரென்று வெயில். இருட்டு இல்லை, நாய் ஊளை இல்லை, மல்லிகைப்பூ வாசனை இருந்தது, அது கோமதி தலையிலிருந்து வந்தது. கரையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டினவரை ஆள் கிடையாது. கோமதி இறங்கிப் போய்க் கொஞ்ச தூரத்தில் ஒரு வேப்பமரத்து நிழலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிளக்கைக் கழற்றினேன். பட்டு நூல் கருகிப்போய், எண்ணெய் பிசுக்கு வேறு, தொட்ட விரலைச் சுட்டுவிட்டது. கையை உதறினேன் பாருங்கள், பிளக் கரைச்சரிவில் கல்லுக்குக் கல் குதித்துக்கொண்டே போய் மதகு ஓரத்தில் தண்ணீருக்குள் விழுந்தது. ஸ்பேர் இல்லை. ஸ்பேர் பிளக் ஒன்று எப்போதும் வைத்துக்கொள் என்று ஆரோக்கியம் சொல்லியிருந்தான், அவன் சொன்னதாலேயே வைத்துக்கொள்ளவில்லை.

இறங்கினேன். இடுப்பு வரை தண்ணீர், கீழே சேறு. வளைகாப்புக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு குனிந்து கையை விட்டுத் துழாவுகிறேன், கல் வருகிறது, நத்தை வருகிறது, யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு வருகிறது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். அங்கிருந்து பார்த்தால் கரை மேலே இருக்கிற வண்டியும் தெரியாது, கோமதியும் தெரியாது. கடைசியில் விரலில் பிளக் தட்டியது. காயலான்கடையிலிருந்து வண்டி தப்பித்தது என்று நிமிர்கிறேன், மேலே கிக்கரை உதைக்கிற சத்தம். ஒன்று. இரண்டு. இன்ஜின் பிடித்துக்கொண்டது.

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கோமதி எனக்குத் தெரியாமல் யாரையோ கூப்பிட்டுவிட்டாள் என்று நினைத்தேன். சேறு சொட்டச் சொட்ட ஏறி வந்தேன். வண்டி ஸ்டாண்டில் நின்று ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. நான் தரையில் போட்டுவிட்டுப் போன பிளக் ஸ்பேனர் துடைத்துத் துணியில் சுற்றி டூல் பாக்ஸுக்குள் இருக்கிறது. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றே போதும், அதைச் செய்தது நான் இல்லை.

கோமதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவதற்குத் தயாராக வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நின்றாள்.

"இன்னாங்க இது, அதுக்குள்ள எங்க போய் விழுந்தீங்க?"

"பிளக்கு தேடிக்கினு இருந்தேன். வண்டிய யாரு ஸ்டார்ட் பண்ணது?"

"நீங்கதான்."

"நான் இவ்ளோ நேரம் கீழ தண்ணியில இருந்தேன் கோமதி."

"அப்ப இங்க குந்திக்கினு திருகிக்கினு இருந்தது யாரு? நான் கிட்ட வந்து தண்ணி வோணுமான்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. சகலை பேசினதுல கோவமா இருக்கீங்கன்னு நானும் திரும்பிப் போய்ட்டேன்."

"மூஞ்சியப் பாத்தியா?"

"முதுகப் பாத்தேன். பதினெட்டு வருஷமா தறியில குந்தியிருக்கிற முதுகத்தான் பாத்துக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா? இதே சட்டை. ஆனா காஞ்சு இருந்துச்சு."

நான் கையை விரித்துக் காட்டினேன். சேறு படிந்த பிளக் உள்ளங்கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், ஓடுகிற இன்ஜினைப் பார்த்தாள். பிளக் இல்லாமல் இன்ஜின் ஓடாது என்பது எங்கள் வீட்டில் இந்த ஆறு மாதத்தில் அவளுக்கும் மனப்பாடம்.

"ஏறுங்க," என்றாள், அவ்வளவுதான். வழக்கமாகப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறவள், அன்றைக்கு வீடு வரும்வரை என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில் ஒரு இடத்தில்கூட வண்டி குலுங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நானாகவே கேட்டேன், திங்கட்கிழமை என்ன முடிவு என்று. "வண்டி இருக்கட்டும். உங்க கையாலதான் ரிப்பேர் பண்ணீங்க, நான் பாத்தேன்," என்றாள். பிடிவாதத்தில் அவள் எனக்குக் குறைந்தவள் இல்லை. நானும் அதை அப்படியே ஒத்துக்கொண்டேன். ஜெயித்தது யாராக இருந்தால் என்ன, கோப்பை என் வீட்டில்தானே இருக்கிறது.

மறுநாள் காலையில் ஆரோக்கியம் வண்டியில் மாட்டியிருந்த அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். அதுவும் ஒரு பழைய பிளக்தான், மரைமேல் நாலு சுற்று பட்டு நூல். "இந்தக் கோமாளித்தனத்தப் பண்றவன் இந்த ஜில்லாலயே நீ ஒருத்தன்தான்டா," என்றான். அப்புறம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, நகத்தால் நூலைச் சுரண்டினான். தென்னேரியிலிருந்து அவ்வளவு தூரம் ஓடியும் நூல் கருகவே இல்லை. அதையாவது விடுங்கள். அந்த மாதம் என் தறியில் இருந்தது அரக்குப் புடவை. வீட்டில் இருந்த நூலெல்லாம் அரக்குதான், ஏரியில் விழுந்த பிளக்கில் நான் சுற்றியதும் அரக்குதான். இது கிளிப்பச்சை.

ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டான். "அந்த ஏரியிலயே போட்டுட்டு வந்துடுறா." தெருவில் ஒருவர் எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து ஏற்றச் சொன்னார், இன்னொருவர் தாயத்து. நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. நன்றாக ஓடுகிற பிளக்கை எவனாவது தூக்கிப் போடுவானா? நூலோடு அப்படியே என் கையால் மாட்டினேன், இன்றைக்கும் அதில்தான் ஓட்டுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மூன்றரை மணிக்குத் தனியாக அதே இடத்துக்குப் போய் வண்டியை நிறுத்தி, "இன்னாபா, கிளட்ச் கேபிளும் இழுவையா இருக்குது, வந்து பாத்துட்டுப் போ," என்று ஏரியைப் பார்த்துக் கத்தினேன். ஒரு வெள்ளாடு திரும்பிப் பார்த்தது. வேர்க்கடலை தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

கோமதி வெயிலில் கண் அசந்திருப்பாள் என்கிறார்கள், எனக்கே தெரியாமல் பாக்கெட்டில் ஸ்பேர் பிளக் இருந்திருக்கும் என்கிறார்கள். சரி. மாட்டினது யார் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.

ஒன்று மட்டும் மாறியது. கொல்லையில் நான் வண்டியைப் பார்த்துக் குந்தியிருந்தால் கோமதி கிட்டே வரமாட்டாள். படியிலேயே நின்று, "இங்க திரும்புங்க," என்பாள். திரும்பிப் பல்லைக் காட்டுவேன், அவள் சிரித்துவிட்டு வந்து டீ கொடுப்பாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது பழகின தமாஷ். போன வாரம் செயின் இறுக்கிக்கொண்டிருந்தேன், கூப்பிட்டாள், திரும்பினேன், பல்லைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. டம்ளரைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், டீயில் ஆடை படிகிறவரைக்கும். அப்புறம் டம்ளரைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என்ன பார்த்தாய் என்று கேட்டுவிடலாம், ஏரியைப் பார்த்துக் கத்தின வாய்தான் இது. இன்னும் கேட்கவில்லை.