முதல் தண்ணீரை உள்ளே விடக் கூடாது

எங்கள் போர்வெல் வற்றிக்கொண்டே வந்தது. தெலுங்குச் சீமையில் விஜயபுரம் பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலை அதை நம்பி இருந்தது. கடலையை நம்பி நாங்கள் இருந்தோம். மழைத் தண்ணீரை அதே போருக்குள் இறக்கி, பூமிக்கடியில் சேர்த்துவைத்து, தை மாசியில் திரும்ப இறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு இன்ஜினியர் வந்து சொன்னார். போரைச் சுற்றிக் குழி வெட்டி, கல், ஜல்லி, மணல் என்று அடுக்கினார்கள். வாய்க்காலிலிருந்து குழிக்கு வரும் குழாயில் ஒரு வால்வு. வால்வுக்கு மூடி போட்ட சிமெண்ட் தொட்டி. கூடவே எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தெலுங்கில் ஒரு தாள்.

வீட்டில் தெலுங்கு படித்தவள் நான்தான். ஆகவே அந்தத் தாளுக்கு நான் அதிகாரி ஆகிவிட்டேன். தண்ணீர் இறங்கும்போது மோட்டார் போடக் கூடாது. குழிப் பக்கம் மாடு கழுவக் கூடாது, மருந்து டேங்க் அலசக் கூடாது. வாரம் ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் மழைத் தண்ணீரை உள்ளே விடவே கூடாது. அதில் கொல்லை அழுக்கெல்லாம் இருக்கும், வால்வைச் சாத்தி வெளியே அனுப்பிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் குழியருகே கை கழுவினால்கூடக் கத்துவேன்.

"இன்னாடி, போருக்குப் போலீசா நீ?" என்பார்.

"ஆமா, இன்னா இப்போ?"

ஐப்பசியில் முதல் மழை வந்தபோது அவர் சத்தியவேட்டில் கம்பெனி ஷிஃப்டில் இருந்தார். வாய்க்காலில் செம்மண் தண்ணீர் ஓடி வந்தது. எங்கள் பக்கம் புதுப் போரில் தண்ணீர் வந்தால் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, கங்கம்மா வந்துட்டா என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோம். முதல் முதலாக வாசலுக்கு வந்த கங்கம்மாவை வெளியே போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொட்டி மூடியைத் தூக்கி, வால்வின் கைப்பிடிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நானே திறந்துவிட்டேன். "வாம்மா" என்று வேறு கூப்பிட்டேன். அவளும் வந்தாள், சேறு, ஆட்டுப் புழுக்கை, மக்கின இலை சகிதம்.

மணல் அடைத்துக்கொண்டது. அப்புறம் பெய்த நல்ல மழையெல்லாம் குழிமேல் நின்று கொசு வளர்த்தது. இன்ஜினியர் வந்தார். தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "முதல் தண்ணியைத் தொறந்து விட்டது யாரு?" என்றார். எதற்கும் மூடாத என் வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது.

"நாந்தான் சார், ஏதோ மறதியில" என்றார் அந்த முதல் மழையன்று வீட்டிலேயே இல்லாத என் வீட்டுக்காரர். கால் மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மாசியில் மோட்டார் சேறு கக்கியது, பிறகு அதுவும் இல்லை. காய் பிடிக்கிற நேரத்தில் பாதிக் கடலை காய்ந்து போனது.

கோடையில் மணலை எல்லாம் வாரிக் கழுவிப் போட்டோம். கம்ப்ரஸர் வைத்துப் போரைச் சுத்தம் பண்ணினோம். அடுத்த ஐப்பசியில் முதல் மழைக்கு வால்வைச் சாத்திவிட்டு, ஓடுகிற தண்ணீரிடம், "கோவிச்சுக்காதம்மா, போய்ட்டு வா" என்றேன். தெளிந்து வந்தபிறகுதான் திறந்தேன்.

மாசியில் இன்ஜினியர் வந்து மோட்டாரைப் போடச் சொன்னார். முதலில் கலங்கல், அப்புறம் கண்ணாடியாகத் தண்ணீர். "இந்த வருஷம் மறக்கல போல" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"சார், போன வருஷம் தொறந்தது நான்."

"தெரியும்மா. கைப்பிடியில மஞ்சள் குங்குமம் இருந்துச்சே."

"பின்ன ஏன் சார் அவர அந்தத் திட்டு திட்டினீங்க?"

"அவருதானே ஒத்துக்கிட்டாரு?"

கடலைக்கு மடை திருப்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிரவில்லை. "ஒரு வருஷமாச்சு. நீயே சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மண்வெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, அடுத்த மடையை நான் திருப்பினேன்.