சித்திரபுரம் சரிவில் ஒரு முதியோர் குடியிருப்பு: 23-ஆம் எண் வீடா, 4-ஆம் எண் வீடா?

ஜனவரி இரண்டாவது வாரம், திங்கள் செவ்வாய் இரண்டு நாள், நானும் என் மனைவி முத்துலட்சுமியும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்திரபுரம் போய் வந்தோம். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. இனிமேல் குடியிருக்கப் போகும் வீட்டைத் தேர்ந்தெடுக்கப் போனோம். இதே யோசனையில் இருப்பவர்கள் இப்போது நிறையப் பேர் என்று தெரிகிறது, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

காரணம் ஒரு முழங்கால். அக்டோபரில் முத்துலட்சுமி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, முழங்காலில்தான் அடி. ஆனால் நான் தோட்டத்தில் மோட்டார் போடப் போயிருந்தேன், நாற்பது நிமிடம் தரையிலேயே கிடந்திருக்கிறாள். அயர்லாந்தில் இருக்கும் மகள் அன்று போனில் அழுத அழுகையில், இனி இந்தத் தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பதில்லை என்று முடிவாயிற்று.

முத்துலட்சுமி பிறந்தது வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில். அந்தப் பக்கமெல்லாம் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு லயம் என்று பெயர். நான் நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் சர்வேயர். எல்லை அளக்கப் போன இடத்தில் பெண் பார்த்துவிட்டு வந்தவன் என்று என் அண்ணன் இன்றைக்கும் கிண்டல் செய்வார். கல்யாணமான புதிதில், "ரிட்டயர் ஆனதும் உன்னைய மலைக்கே கூட்டீட்டுப் போயர்றேன் அம்மிணி" என்று சொல்லியிருந்தேன். சொல்லி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் கொழிஞ்சாம்பாறை வெயிலில் தமிழ் டீச்சராக இருந்து, வெயிலைப் பற்றி மட்டும் புகார் சொல்லி, ஓய்வும் பெற்றுவிட்டாள். நான் ஓய்வு பெற்றும் பதினொரு வருடம் ஆயிற்று. தென்னையை யார் பார்ப்பது, மாட்டை யார் பார்ப்பது என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்த வெட்கம் எனக்கு உண்டு.

சித்திரபுரம் போவதற்கு முந்தின சனிக்கிழமை, எங்கள் வீட்டிலிருந்து 14 கிலோமீட்டரில் உள்ள ஒரு குடியிருப்பைப் பார்த்தோம். சமதரை, வேப்ப மரங்கள், எல்லாம் அறுபது மீட்டருக்குள். குறை சொல்ல ஒன்றுமில்லை. முத்துலட்சுமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஃபேன் இல்லாம இங்கன தூங்க முடியுமா?" அதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. மலைதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

திங்கள் காலை 5.40-க்குக் கிளம்பினோம். வாடகைக் கார், இரண்டு நாளுக்கு டிரைவர் பேட்டாவோடு 7,200 ரூபாய். ஓட்டியவர் சிவராஜ், எங்கள் ஊர்க்காரர், ஐம்பது வயது. பொள்ளாச்சி 6.25. உடுமலையில் 7.15-க்கு நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். அதற்குப் பிறகு காட்டுச் சாலை, சின்னாறு சோதனைச் சாவடியில் எட்டு நிமிடம். பையில் இருந்த முப்பது மீட்டர் டேப்பைப் பார்த்துவிட்டு, காட்டை அளக்கப் போகிறீர்களா என்று காவலர் விசாரித்தார். ஓய்வு பெற்ற பிறகும் டேப் இல்லாமல் நான் வெளியே போவதில்லை. சிலர் விபூதி வைத்திருப்பார்கள், நான் டேப் வைத்திருப்பேன்.

மறையூரில் தேநீர். முத்துலட்சுமி கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே நீட்டிக்கொண்டே வந்தாள். "ஏனுங்க, அம்மாவுக்குத் தல சுத்துதுங்களா, நிறுத்தட்டுங்களா?" என்று சிவராஜ் கேட்டார். "எனக்கு இப்பத்தான்யா தல நேரா நிக்கிது, நீங்க ஓட்டுங்க" என்றாள். மூணாறு 11.10. பள்ளிவாசல் தாண்டி, சித்திரபுரம் போகும் கிளைச் சாலையில் அந்தக் குடியிருப்பின் வாசலில் நின்றபோது மணி 11.45, மீட்டரில் 152 கிலோமீட்டர். குடியிருப்பின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இது விளம்பரமாகிவிடும்.

மொத்தம் 32 வீடுகள், சரிவில் வரிசை வரிசையாக. சாலையை ஒட்டி மேலே அலுவலகமும் உணவுக்கூடமும். எங்களுக்காக நான் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் பார்த்து மனதில் குறித்து வைத்திருந்தது 23-ஆம் எண். கடைசி வரிசை, ஓரம், இரண்டு படுக்கையறை. முன்னால் எந்தக் கட்டிடமும் இல்லை. படுக்கையில் படுத்தபடியே தேயிலை மலை தெரியும். இரண்டாவது அறை மகளுக்கு. அவள் வருவது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பன்னிரண்டு நாள். ஆனாலும் அறை வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். இந்த விஷயத்தில் எல்லா அப்பன்களும் ஒன்றுதான்.

நிர்வாகி பிந்து வரைபடத்தின் நகல் ஒன்று தந்தார். உணவுக்கூடத்திலிருந்து 23-ஆம் வீட்டுக்கு 118 மீட்டர் என்று போட்டிருந்தது. எனக்குக் கை சும்மா இருக்குமா? டேப்பின் ஒரு முனையைச் சிவராஜிடம் கொடுத்து, சரிவில் எப்படி அளக்க வேண்டுமோ அப்படி, டேப்பைக் கிடைமட்டமாகப் பிடித்துத் துண்டு துண்டாக அளந்துகொண்டே கீழே இறங்கினோம். 117.8 வந்தது. இருபது சென்டிமீட்டர்தான் வித்தியாசம். இவ்வளவு நேர்மையாகப் படம் போடுகிறவர்கள் மற்றதிலும் நேர்மையாகத்தான் இருப்பார்கள் என்று முத்துலட்சுமியிடம் சொன்னேன். அவள் பிந்துவோடு பேட்டரி வண்டியில் சுற்றுச் சாலை வழியாக வந்து சேர்ந்திருந்தாள்.

நான் கேட்ட கேள்விகளைப் பட்டியல் போட்டால் பக்கம் போதாது. முடி வெட்ட யார் வருவார்கள்? பக்கத்து வீட்டு டிவி சத்தம் எவ்வளவு கேட்கும்? மிளகாய்ப்பொடி வீட்டிலிருந்து கொண்டு வரலாமா? கடைசியாக, இருவரில் ஒருவர் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பிந்து தயங்கவே இல்லை, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "ரெண்டு ரூம் வீட்டுல ஒராளா இருக்க ஒக்காது சார். ஆறு மாசத்துக்குள்ள அபேட்சை தந்து சின்ன வீட்டுக்கு மாறணும். இங்க அதுதான் நியமம்." அபேட்சை என்றால் அங்கே விண்ணப்பம், நியமம் என்றால் விதி. முத்துலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் தங்கிப் பார்க்க இருவருக்கும் சாப்பாட்டோடு 1,800 ரூபாய். 23-ஆம் வீட்டையே திறந்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பேட்டரி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. நாலு மணி தேநீருக்கு, பழகிக்கொள்ள வேண்டுமே என்று நடந்து ஏறினோம். 64 படிகள், நடுவே சாய்தளங்கள். முத்துலட்சுமி ஓரிடத்தில் நின்று ஒரு செடியைப் பார்த்தாள். இன்னோர் இடத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்தாள். மூன்றாவது இடத்தில் ஒன்றுமில்லை, வெறும் சுவர். அதையும் பார்த்தாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஊர் ஞாபகத்தில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன், பாருங்கள்.

இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு. பேட்டரி வண்டி ஐந்து மணியோடு நின்றுவிடும், அதன் பிறகு நோயாளிகளுக்கு மட்டும். முத்துலட்சுமி, "பசியே இல்ல, நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். தனியாக ஏறினேன். பாதியில் எனக்கே மூச்சு வாங்கியது. உணவுக்கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவர் சரசு, பள்ளிவாசல் எஸ்டேட்டில் இருந்து வேலைக்கு வருகிறவர். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். இருபத்து மூன்று என்றேன்.

"அக்கா வரலையா?"

"பசி இல்லையாமுங்க."

சரசு சப்பாத்தியைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார். "கீழ் லயத்துல யாருக்குமே ராத்திரி பசிக்காதுண்ணே. எட்டு வீடு இருக்கு, ரெண்டு வீட்டு ஆளுகதான் மேல வருவாக. மத்தவுக பிஸ்கட்டத் தின்னுட்டுப் படுத்துக்கிருவாக. மழைக்காலம்னா காலையிலயும் பசிக்காது. கீழ் லயத்துக்குன்னு நான் மாவு பிசையிறதே கொறச்சுத்தான்."

எடுத்த சப்பாத்தியைத் தட்டிலேயே வைத்தேன். எத்தனை வருடம் அளந்திருக்கிறேன், எங்கள் தொழிலின் முதல் பாடத்தையே யோசிக்காமல் விட்டேன். மலையில் அளந்தாலும் சர்வேயர் எழுதுவது கிடைமட்டத் தூரத்தைத்தான். நிலப்பரப்புக்கு அதுதான் கணக்கு, ஏற்றம் இறக்கம் படத்தில் வராது. 117.8 என்பது சரியான அளவு. ஆனால் எந்தக் காலும் அந்தத் தூரத்தை நடப்பதில்லை. எங்கள் ஆபீஸில் இந்தத் தப்பைப் புதிதாகச் சேர்ந்தவன்கூடச் செய்யமாட்டான், முப்பத்தொரு வருட அனுபவம் உள்ளவனால்தான் முடியும்.

சரசு ஒரு தூக்குச் சட்டியில் நான்கு சப்பாத்தியும் குருமாவும் போட்டுக் கொடுத்தார். கொண்டுபோய்த் திறந்ததும் பசி இல்லாத முத்துலட்சுமி நான்கையும் சாப்பிட்டாள்.

காலையில் படிகளின் உயரத்தைக் குறிக்கலாம் என்று வரைபடத்தை எடுத்தேன். நான் பேனாவால் 117.8 என்று எழுதிய இடத்துக்குக் கீழே, பென்சிலில், விடைத்தாள் திருத்துகிற அதே சின்ன எழுத்தில், அவள் எழுதியிருந்தாள்: "11 நிமிடம். நின்றது: மூன்று தடவை."

"ஏம்மா, நேத்தே சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? கல்யாணத்தப்ப சொன்னத இப்பத்தான் ஒருவழியா செஞ்சு காட்டுறீக. டேப்பப் பிடிச்சுக்கிட்டு சின்னப் பிள்ள மாதிரி இறங்கி வந்தீக. மூஞ்சியில அம்புட்டு சந்தோசம். அத எப்படிக் கெடுக்கச் சொல்றீக?" என்றாள். பிறகு மெதுவாக, "நீங்க இல்லாமப் போனா இந்தப் படிய நான் யார் கையப் பிடிச்சு ஏறுவேன்னும் நெனச்சேன். அதயும் எப்படிச் சொல்றது?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தேழு வயதில், குல்லாவும் மஃப்ளருமாக, மலையைப் பார்த்தபடி ஓர் ஆள் அழுவது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எட்டு மணிக்குப் பிந்துவிடம் போய், மேல் வரிசையில் காலியாக என்ன இருக்கிறது என்று கேட்டோம். 4-ஆம் எண் மட்டும் இருந்தது. யாரும் கேட்காததால் காலியாக இருந்தது. உணவுக்கூடத்துக்குப் பின்பக்கம், ஒரே படுக்கையறை. ஜன்னலைத் திறந்தால் சமையலறைச் சுவரும் ஒரு தண்ணீர்த் தொட்டியும். மலைக்கு வந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பதா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் உள்ளே குழாய்களைத் திருகிப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, முத்துலட்சுமி சமையலறையின் பின்வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கத்தி, மடியில் முட்டைக்கோஸ். எதிரே சரசு. எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், எத்தனையாவது லயம் என்று விசாரணை போய்க்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு வருடம் என்னோடு பேசிய தமிழ் வேறு, இது வேறு. இவ்வளவு வேகமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"மல தெரியலையே அம்மிணி" என்றேன்.

"மல எங்க போயிரப் போகுது? சாப்பிடுற எடத்துல அம்மாம்பெரிய ஜன்னல் இருக்கு. மூணு வேளையும் பாத்துக்கிருவேன்" என்றாள் நிமிராமலேயே.

4-ஆம் எண்ணுக்கே எழுதிக் கொடுத்தோம். இருவருக்கும் சாப்பாட்டோடு மாதம் 29,500. 23-ஆம் எண் என்றால் 41,000. மகள் வந்தால் விருந்தினர் அறை நாளுக்கு 900. ஒற்றை அறை வீடு என்பதால், எங்களில் யார் மிஞ்சினாலும் மாறச் சொல்ல மாட்டார்கள் என்று பிந்து எழுத்தில் தந்திருக்கிறார். அன்று பதினொரு மணிக்குக் கிளம்பி, மாலை 4.50-க்கு ஊர் வந்து சேர்ந்தோம்.

இப்படி வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பகலில் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், ஓர் இரவாவது தங்குங்கள். பேட்டரி வண்டியில் ஏறாதீர்கள். இருவரில் யாருக்குக் கால் மோசமோ அவரை முன்னால் நடக்கவிட்டு, அவர் நிற்கிற இடத்திலெல்லாம் நின்று, எதைப் பார்க்கிறார் என்று பாருங்கள். வெறும் சுவரைப் பார்த்தால் அந்த வீடு வேண்டாம். நிர்வாகியிடம் கேட்கிற அத்தனை கேள்வியையும் சமையலறையிலும் ஒரு தடவை கேளுங்கள். ஒருவர் போன பிறகு மற்றவருக்கு என்ன நியமம் என்று கேட்க மறக்காதீர்கள். கேட்கும்போது இருவரும் பக்கத்தில் இருப்பது நல்லது. ஜனவரியில் கம்பளி அவசியம், காட்டுச் சாலையை இருட்டுக்கு முன் கடந்துவிடுங்கள்.

திரும்பி வருகையில் மறையூர் தாண்டியதும் முத்துலட்சுமி தூங்கிவிட்டாள். அவள் மடியில் இருந்த வரைபடத்தை மடித்து வைக்கலாம் என்று எடுத்தேன். 4-ஆம் எண்ணிலிருந்து உணவுக்கூட வாசலுக்கு நான் அளந்து எழுதியது 19.4 மீட்டர். அதற்குக் கீழே பென்சிலில் அவள் எழுதியிருந்தாள்: "நிற்கவில்லை."