கன்னி மூலையில் ஒரு சாண்

ஓதம் ஏறிய சுவரைச் சரிசெய்யப் போகிறவனை யாரும் ஆரத்தி எடுத்து வரவேற்பதில்லை. வீட்டு மானத்தை வாங்க வந்தவன் மாதிரிதான் பார்ப்பார்கள். ஐப்பசி பிறந்தாலே ஊரார் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற என் சக தொழிலாளிப் பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

தீபாவளிப் பூச்சு

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். குளியலறைக் குழாய் கசிந்து கூடத்துச் சுவரெல்லாம் பூசணம். அவரோ வருஷா வருஷம் அதன் மேலேயே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். "சார், முதல்ல கசிவை அடைப்போம், சுவர் காயட்டும், அப்புறம் பெயின்ட்" என்றேன். மனுஷர் மசியவில்லை.

"தீவாளிக்கு நாலு பேரு வந்துட்டுப் போற வரைக்கும் தெரியாம இருந்தாப் போதும்வே!"

கொசுவுக்குப் பயந்து

பேட்டையில் ஒரு வீடு. மழைக்காலம் முழுக்கப் படுக்கையறைக்குள்ளேயே கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்கள். சன்னல் ஒன்றுகூடத் திறப்பதில்லை. மேலே சுட்ட மண் தட்டோடு பதிக்காத மொட்டைமாடித் தளம் மழையில் குளிர்ந்து கிடக்க, ஈரத்துணியின் ஆவியெல்லாம் அங்கே போய் வேர்த்து, கூரை முழுக்கக் கரும்புள்ளி. தட்டோடு பதிக்கலாம், அதுவரை சன்னலையாவது திறந்து வையுங்கள் என்று கெஞ்சினேன். வீட்டுக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சன்னலத் திறந்தா கொசு கடிக்கும் அண்ணாச்சி. பூசணம் என்ன, கடிக்கவா செய்யுது?"

லட்சுமி இருக்குமிடம்

வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி. அவருடைய சின்னப் பேத்திக்கு மழை வந்தால் இளைப்பும் வந்துவிடும். வீட்டில் பூசணம் இருக்கிறதா பாருங்கள் என்று டாக்டர் சொன்னதால் மருமகள் என்னைக் கூப்பிட்டிருந்தார். எனக்குப் பார்த்ததுமே சந்தேகம், தென்மேற்கு மூலையில் சுவரோடு ஒட்டி நின்ற இரும்பு பீரோ மேல்தான். அதைத் தொட்டதும் அண்ணாச்சி பதறினார். "கன்னி மூலைப் பீரோவ அசைக்கப்பிடாது. லட்சுமி போயிருவா!"

"மூலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை அண்ணாச்சி. ஒரு சாண் முன்னால் இழுத்தால் சுவருக்குக் காற்றாடும்" என்றேன். முடியவே முடியாது என்று பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கருவிகளை எடுத்துப் பையில் போட்டேன்.

அப்போது பிள்ளைக்கு இருமல் கிளம்பியது. விலா எலும்பு உள்வாங்க உள்வாங்க மூச்சை இழுத்தது. மருமகள் ஓடிவந்து மருந்தை உறிஞ்ச வைத்து, மூச்சு சீரானதும் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அண்ணாச்சி எழுந்தார். தானே பீரோவின் ஒரு முனையைப் பிடித்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன். பின்னால் சுவர் இடுப்பளவுக்குக் கருகருவென்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவர் சொன்னார்:

"லட்சுமி பீரோவுக்குள்ள இருக்கான்னுலா நெனச்சேன். அவ எம் மடியில உக்காந்து மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு இருந்திருக்கா."

சுவரைக் காய வைக்கச் சின்னக் கூலி போதும்; வீட்டுக்காரரை இளக வைப்பதற்குத்தான் நாம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறோம்.