எட்டில் ஏழு பங்கு

எங்கள் ஊர் எட்டாங்கிணறு. எட்டாவது கிணற்றில்தான் தண்ணீர் வந்தது. அதைச் சுற்றி வயல் வந்தது, அப்புறம் கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு. முதல் ஏழையும் தோண்டியவர் என் பெரியப்பா. ஏழிலும் புழுதிதான்.

அவர் முறை இது: சாயங்காலம் ஒரு சொம்பைத் தரையில் கவிழ்த்து வைப்பார். விடிந்ததும் உள்ளே ஈரம் இருந்தால் அங்கே தோண்டலாம். ஏழு இடத்திலும் ஈரம் இருந்தது. இல்லாமல் எங்கே போகும்? பூமிக்கு அழுக்குச் சொம்பைக் காட்டக் கூடாதென்று ஒவ்வொரு தடவையும் பளபளவென்று கழுவி, சொட்டச் சொட்டக் கவிழ்த்திருக்கிறார் மனுஷன். கடைசியில் வெளியூர்க்காரர் ஒருவரை அவரே போய்க் கூட்டி வந்தார். வந்தவர் சொம்பைத் துண்டால் துடைத்துவிட்டு வைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றிலிருந்து பெரியப்பா தெருவில் இறங்கினாலே, "என்னண்ணே, சொம்பு காஞ்சுதா?" என்பார்கள். நானும் சும்மா இருந்ததில்லை. ஒருநாள் அவர் சாப்பிடும்போது பக்கத்தில் சொம்பைக் கவிழ்த்து, "இங்கயும் ஒண்ணு தோண்டலாமா பெரியப்பா?" என்றேன். சிரித்துக்கொண்டே முதுகில் ஒன்று வைத்தார்.

போன மாதம் ஊர்ப் பெயர் வந்த கதையைப் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எழுத முடிவானது. பத்தாம் வகுப்பில் என்னைக் கவிழ்த்தது கணக்கு. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வேலை என் தலையில் விழுந்தது.

பெரியப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பில்லை.

"வாயால சொல்றது காத்தோட போயிடும்டா. சுவத்துல ஏத்திட்டா நான் செத்தப்புறமும் சிரிப்பானுங்க. அந்த ஏழு கிணத்தை விட்டுடு."

"ஏழை விட்டா எட்டு எங்கேருந்து வரும்?"

"எனக்குத் தெரியாது. எழுதினேன்னு வை, மக வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்."

மூன்று நாள் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே இல்லை. நாலாம் நாள் எழுதினேன். விஷயம் தெரிந்து, துணி அடைத்த பையோடு வந்து நின்றார். சுவரைப் பார்த்தார்; உதடு அசைய மெல்லப் படித்தார்.

'எட்டாவது கிணற்றில் தண்ணீர் வந்தது. முதல் ஏழையும் தோண்டியவர் என் பெரியப்பா. எட்டாவதைத் தோண்ட ஆள் கூட்டி வந்தவரும் அவரே. இந்த ஊர்ப் பெயரில் எட்டில் ஏழு பங்கு அவருடையது.'

படித்து முடித்து என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத்தான் கணக்கு வராதே. இது மட்டும் எப்படிடா வந்துச்சு?"

நான் தூரிகையைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தேன். அவர் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சுவரின் அடிப்பக்கத்தைத் தடவினார்.

"கீழ இடம் கிடக்குல்ல? சொம்பைத் துடைச்சுட்டு வைக்கணும்னு அதையும் எழுதிடு. எவனாச்சும் பொழைச்சுப் போறான்."