ஒரு மரியாதைக்குச் சொன்னேன்

ஹாலந்துக்குப் போகத் தேர்ந்தெடுத்த ஆறு பெண்களில் நானும் ஒருத்தி. அறுபதுகளில் கொச்சி மட்டாஞ்சேரி ராவுத்தர் வீட்டுப் பெண் கப்பலேறுவதென்றால் சும்மாவா? ஆசிரியப் பயிற்சி முடித்த எங்களை இரண்டு மாதம் அங்கே வீடுகளில் தங்கவைப்பார்கள். நாங்கள் நம் பாட்டையும் ஆட்டத்தையும் காட்டிவிட்டு, அவர்களுடைய பள்ளிக்கூடங்களைப் பார்த்து வர வேண்டும். கொச்சங்காடியில் சுக்கு வியாபாரம் செய்த அத்தா முதலில் ஒரேயடியாக மறுத்துவிட்டார். நான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்துதான் சம்மதம் வாங்கினேன்.

போவதற்கு முன்னால் டச்சுக்காரர்களின் பழக்கவழக்கங்களைச் சொல்லித்தர ஒரு வெள்ளைக்கார மதாம்மா வந்தாள். ஏலூரில் ஏதோ தொழிற்சாலைக்கு இயந்திரம் மாட்ட வந்த டச்சுக்காரரின் மனைவி. நல்ல மனுஷி, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூட மாடியில் அவள் சொன்னதையெல்லாம் கேட்டு நாங்கள் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். சொல்லாமல் கொள்ளாமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாதாம். காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிடுவார்களாம். சொந்தக்காரர்களின் பிறந்தநாள் எழுதிய காலண்டரைக் கக்கூஸில் மாட்டிவைப்பார்களாம்! "படச்சோனே, கக்கூஸிலயா?" என்று என் பக்கத்தில் இருந்தவள் சத்தமாகவே கேட்டுவிட்டாள். மதாம்மா சிரித்தாள். "அங்கேதானே தினமும் கண்ணில் படும்?" என்றாள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை ஒன்று உண்டு. யாராவது எதையாவது வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவையே உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்றால் மறுபடி கேட்க மாட்டார்கள். "நீங்கள் சொல்வதை அப்படியே நம்புவார்கள். அவர்களுக்கு அதுதான் மரியாதை" என்றாள். நாமென்றால் மூணு தரம் வேண்டாமென்று சொல்லி, வீட்டுக்காரர்கள் கையைப் பிடித்து உட்காரவைத்த பிறகுதானே சாயாக் கோப்பையையே தொடுவோம்? தலையை ஆட்டினோம். ஆட்டி என்ன புண்ணியம்?

ஒரு சனிக்கிழமை மதாம்மா முகம் வாடி வந்தாள். தங்க ஒரு வீடு குறைகிறதாம், ஐந்து பேர்தான் போக முடியுமாம். "யாராவது விட்டுக்கொடுக்க முடியுமா?" என்று கேட்டாள். யாரும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குத்தான் தாங்கவில்லை. "நான் வேணா நின்னுக்கறேன் மேடம்" என்றேன். ஒரு மரியாதைக்குத்தான்! உடனே எல்லோரும் "அய்யய்யோ, நீ போடி, நான் நிக்கறேன்" என்று பாய்வார்கள். நான் மாட்டேன் என்பேன், அவர்கள் விடமாட்டார்கள், கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். அப்படித்தானே உலகத்தில் நடக்கும்?

மதாம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு "ரொம்ப நன்றி" என்றாள். அவ்வளவுதான், முடிந்தது. பக்கத்தில் இருந்தவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். பாவிகள், அன்றைக்கென்று பார்த்துப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டார்கள்!

வீட்டில் அம்மா நம்பவேயில்லை. "ஒரு பேச்சுக்குச் சொன்னதுன்னு அவளுக்குத் தெரியாதாடீ? இன்னொரு வாட்டி கேக்கலயா?" என்று அரற்றினாள். ஆனால் கொதித்துப்போனது அத்தாதான். "எம்மவ பட்டினி கெடந்து வாங்கினதாக்கும் இது. வா, நானே வந்து கேக்கறேன்" என்று மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு, படகேறி பஸ் பிடித்து ஏலூருக்குப் புறப்பட்டுவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல்தான் போனோம். சாப்பிட உட்காரப் போன மதாம்மா வாசலில் எங்களைக் கண்டு திகைத்துப்போனாள். சாயா வேண்டுமா என்று கேட்டாள். அத்தா வேண்டாம் என்றார். சாயா வரவில்லை.

அத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். "இந்த வருஷம் மழை சாஸ்தின்னு சொல்லு" என்றார். சொன்னேன். "அவங்க ஊர்ல சுக்கு கெடைக்குமான்னு கேளு." கேட்டேன். கடைசியில் மதாம்மாவே, "ஏதாவது விஷயமாக வந்தீர்களா?" என்று கேட்டாள். அத்தா பதறிவிட்டார். "ஏய், ஒண்ணுமில்ல, சும்மா இந்த வழியாப் போனோம்னு சொல்லு." மட்டாஞ்சேரிக்காரர்கள் ஏலூர் வழியாக எங்கே போவார்கள்! அவர் விரல்கள் தோள்துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. "எனக்குப் போக வேண்டும் மேடம். அன்றைக்கு ஒரு மரியாதைக்குச் சொன்னேன். அதைச் சொல்லத்தான் அத்தா வந்திருக்கிறார்" என்று இங்கிலீஷில் போட்டு உடைத்துவிட்டேன். நானா இப்படிப் பேசினேன் என்று எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

மதாம்மாவின் முகம் மாறிவிட்டது. "மனசில் இல்லாததை ஏன் சொன்னாய்?" என்றாள். பிறகு மெதுவாக, "இல்லை, ஐந்து பெயர்களையும் தந்தியடித்தாயிற்று. இனி முடியாது. மன்னித்துக்கொள்" என்றாள்.

"என்னம்மா சொல்றாங்க?" அத்தா ஆசையோடு என் முகத்தைப் பார்த்தார்.

அந்த 'இல்லை'யை அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "பாக்கலாம்னு சொல்றாங்க அத்தா" என்றேன்.

கடைக்கு வந்து சரக்கைக் கிளறிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிறவர்களிடம் அந்த வார்த்தையை வாழ்நாளெல்லாம் கேட்டவர் அவர். முறுக்கிய துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரிம்மா, அவங்க சாப்பிடட்டும்" என்று எழுந்துகொண்டார்.