பெரியவர் அடைத்த துளை

அண்ணன் தம்பி இருவரில் பெரியவருக்கு ஓட்டை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுண்டிவிடும். ஐம்பத்திரண்டு வயதிலும் அப்படித்தான். எல்லாம் அப்பா செய்த முதல் கயாக்கால் வந்த வினை.

அப்பா கதவு, ஜன்னல் செய்கிற தச்சர். ஏரிக்கரை விடுதிக்காரர் ஒரு நாள் உடைந்த கயாக் ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து, "இதை ஒட்டித் தர முடியுமா?" என்று கேட்டார். ஒரே ஆள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் இலை வைத்த துடுப்பால் வலிக்கிற ஒல்லிப் படகு. அப்பா அதுவரை அப்படி ஒன்றைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் ஒட்டித் தந்தார். தருவதற்கு முன்னால் அதன்மேல் மெழுகைப் பூசி, பைபர் துணியும், காய்ந்தால் கல்லாக இறுகுகிற ரெசின் பசையும் அடுக்கி, சத்தமில்லாமல் ஓர் அச்சு எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்த அச்சில் பிறந்த முதல் கயாக்கை ஊரே வேடிக்கை பார்க்க ஏரியில் இறக்கினார். இருபது முழம் போவதற்குள் உள்ளே இடுப்பளவு தண்ணீர். நனைந்த கோழி மாதிரி கரையேறினார். "ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி" என்று கூட்டத்தில் யாரோ ஆரம்பிக்க, "ஒன்பது எதுக்கு? மொண்டு ஊத்தத் தச்சரோட ரெண்டு பசங்க போதாதா?" என்று இன்னொருவர் முடித்து வைத்தார்.

அப்பா சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஏழாம் வகுப்பில் இருந்த பெரியவரால் அப்படிப் போக முடியவில்லை. பள்ளியில் அவருடைய பெயரையே மறந்துவிட்டு "டேய் ஓட்டை" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பத்தாவது முடிக்கிறவரை அது அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கயாக் ஒழுகவில்லை. வெடித்தது. கயாக்கின் மூக்கிலும் வாலிலும் ஒவ்வொரு தடுப்பு வைத்து, உள்ளே காற்றை அடைத்திருப்பார்கள். கவிழ்ந்தாலும் மூழ்காமல் காப்பது அந்தக் காற்றுதான். வெயிலில் கிடந்த கயாக்குக்குள் காற்று சூடேறி உப்பி, மேல் ஓடும் கீழ் ஓடும் சேருகிற இடத்தைப் பிளந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு தடுப்பிலும் ஓர் ஊசித் துளை போடுவது அந்தப் பட்டறையின் சட்டம். காற்று மூச்சுவிட ஒரு வழி. அதன் வழியாக எப்போதாவது ஒரு கரண்டித் தண்ணீர் கசியும். துடைத்துவிட்டால் தீர்ந்தது.

அப்பா போன பிறகு தொழில் அண்ணன் தம்பி இருவர் கைக்கு வந்தது. தடுப்பு வைப்பதும் வண்ணம் பூசுவதும் பெரியவர். மேல் ஓடு, கீழ் ஓடு இரண்டையும் உள்பக்கமாகச் சேர்த்து ஒட்டுவது சின்னவர். அந்த ஒட்டுக்கு வீட்டில் தையல் என்று பெயர். சின்னவருக்கு முழங்கால்வரை தொங்குகிற கை. மூங்கில் குச்சியில் கட்டிய தூரிகையோடு கயாக்குக்குள் தோள்வரை நுழைந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் பார்த்தே ஒட்டுவார். "கண்ணு எதுக்குண்ணே? அது வெளியில இருக்கிறவங்களுக்கு" என்பார். இருபத்தொரு வருடத்தில் அவர் தையல் ஒன்றுகூடப் பிரிந்து வந்ததில்லை. ஒட்டிக் காய்ந்த கயாக்கைச் சின்னவரே ஏரியில் இறக்கி, அக்கரைவரை வலித்துத் திரும்பினால்தான் அது வெளியே போகும்.

இருபத்தொன்றாவது வருடம் ஒரு பல் டாக்டர் கயாக் கேட்டிருந்தார். பார்க்க வந்தவர் சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தார். வாய்க்குள் பார்த்துப் பழகிய கண், சும்மா இருக்குமா?

"என்னங்க இது, புதுசுலயே ஓட்டை?"

பெரியவர் காற்று, வெயில் எல்லாம் சொல்லிப் பார்த்தார். டாக்டர் கூட வந்த நண்பரைப் பார்த்துச் சிரித்தார். "எங்க தொழில்ல ஓட்டையைப் பார்த்தா அடைப்போம். இவங்க தொழில்ல ஓட்டைக்கு விளக்கம் சொல்றாங்க."

நண்பரும் சிரித்தார். சின்னவர் ரெசின் வாங்கப் போயிருந்தார். டாக்டர் போனதும் பெரியவர் பட்டியைக் குழைத்து இரண்டு துளைகளையும் அடைத்து, தேய்த்து, மேலே வண்ணமும் பூசிவிட்டார். அடைத்த இடம் அவருக்கே தெரியவில்லை. டாக்டர் வீட்டில் கயாக் வைக்கப் போவது கூரைக்குக் கீழேதான். காலையில் சின்னவர் ஒரு சுற்று வலித்துவிட்டால் மதியத்துக்குள் வண்டி ஏறிவிடும். ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் ஆணியை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி துளை போடுவான்.

மறுநாள் பெரியவர் தடுப்புக்கு மரம் பார்க்க வெளியூர் போய்விட்டார். காலையில் கயாக்கைக் கரைக்குக் கொண்டுபோன சின்னவர், பட்டறையில் வேறொன்றில் ரெசின் இறுகுகிறது என்று அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். கயாக் பகல் முழுக்க வெயிலில் காய்ந்தது. நான்கு மணிக்குத்தான் ஏரியில் இறக்கினார். நடு ஏரியில் கயாக்கின் மூக்கு முழுகியது. வாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் இரண்டரை மணி நேரம் கிடந்தவரை மீன்காரர்கள் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆளைக் காப்பாற்றுகிற அவசரத்தில் கயாக்கை விட்டுவிட்டார்கள். காற்று அதை எங்கே கொண்டுபோனதோ, பிறகு தேடியும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் சின்னவர் சொன்ன முதல் வார்த்தை, "தையல் விட்டுருச்சுண்ணே."

அப்போதே சொல்லியிருக்கலாம். மூக்கில் குழாயோடு கிடக்கிறவனிடம் என்ன பேச்சு என்று பெரியவர் அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்தார். வந்த பிறகு, இருமல் நிற்கட்டும் என்று நினைத்தார். இருமல் நின்றது. அதற்குள் சொல்லாமல் விட்ட நாட்கள் சொல்ல வேண்டியதைவிடப் பெரிதாகிவிட்டன.

சின்னவர் தூரிகையைத் தொடவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கேஸை மூடினேனா பார், பூட்டினேனா பார் என்று மனைவியை அனுப்புவார். மகளுக்குச் சைக்கிள் சங்கிலி மாட்டக்கூட மாட்டேன் என்றார். "என் கை போச்சு. அது எனக்கே தெரியாம போயிருக்கு" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து பெரியவர், "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்பார். அந்த ஒண்ணுமில்லடாவில் ஒன்று இருந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

எட்டு மாதம் ஓடியது. படகுக் குழாம் ஒன்றுக்காக முன்பே முடித்து வைத்த ஐந்து கயாக்குகள் பட்டறையில் தூசி படிந்து நின்றன. அனுப்பச் சொல்லி ஆள் வந்த அன்று சின்னவர் எழுந்து வந்தார். கையில் வெட்டுகிற மெஷின்.

"என்னடா பண்ணப் போறே?"

"வெட்டிப் பார்க்காம அனுப்ப மாட்டேன். எல்லாம் அந்தச் சமயத்துல ஒட்டினதுதான்."

முதல் கயாக்கை நீளவாக்கில் பிளந்தார். தையல் ஒரே சீராக, காற்றுக் குமிழ்கூட இல்லாமல் ஓடியிருந்தது. பெரியவருக்கு மூச்சு வந்தது. சின்னவருக்கு வரவில்லை. இரண்டாவதைப் பிளந்தார். அதுவும் அப்படியே. நகத்தால் நெம்பிப் பார்த்தார், நகம்தான் பிய்ந்தது.

"நல்லாத்தானே இருக்கு? விட்டுடு" என்றார் பெரியவர்.

"நல்லா இருக்கிறதுதான்ணே பயமா இருக்கு. அதையும் இப்படித்தான் நல்லா இருக்குன்னு நெனச்சேன். எது விடும் எது விடாதுன்னு எனக்குத் தெரியலேன்னா, நான் எதை நம்பி ஒட்டுறது?"

மூன்றாவதில் பாதி தூரம் மெஷின் போயிருந்தது. பெரியவர் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார்.

"நான்தான் அடைச்சேன்."

"என்னத்தை?"

"துளையை. டாக்டர் கயாக்குல. பட்டி வச்சு."

சின்னவர் வெட்டுத்தூளைக் கண்ணிலிருந்து துடைத்தார். "ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

"வெடிக்கும்னு தெரியும்ல?"

"தெரியும். அந்த ஆளு சிரிச்சான்டா."

சின்னவர் மெஷினைக் கீழே வைத்தார். வலது கையைத் திருப்பி, மறுபடி திருப்பி, கடன் கொடுத்துத் திரும்ப வந்த பொருளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"எட்டு மாசம் நான் இந்தக் கையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ என்னைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தே" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பெரியவர் காலில் விழுந்திருப்பார். சின்னவர் மெஷினின் வயரைச் சுற்றி ஆணியில் மாட்டினார், கையைக் கழுவினார், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த மாதமே வேறு ஊரில் ஒரு படகுப் பட்டறையில் சேர்ந்துவிட்டார். வீட்டைக் காலி செய்கிற அன்று தம்பி மனைவிதான் பட்டறைக்கு வந்தாள். பெரியவரை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மூங்கில் தூரிகையை வாங்கிட்டு வரச் சொன்னாரு, மாமா."

"வேற?"

"வேற எதுவும் கேட்கல."

பெரியவர் தூரிகையைப் பழைய துணியில் சுற்றினார். "எப்படி இருக்கான்?"

"நல்லாத் தூங்குறாரு. பூட்டெல்லாம் அவரே பூட்டுறாரு."

"என்னைப் பத்தி..."

அவள் தூரிகையை வாங்கிக்கொண்டாள். "நீங்க சொன்னது நல்லதுதான் மாமா. நான் இல்லேங்கல. ஆனா ஆஸ்பத்திரியில நீங்க அவர் காலைப் பிடிச்சுவிட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, அதை நெனச்சாத்தான் அவருக்குத் தாங்கலையாம்."

வண்டி போன பிறகு பெரியவர் உள்ளே வந்து, முதலில் பிளந்த கயாக்கின் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒரு தூரிகையை ரெசினில் தோய்த்துக்கொண்டு உள்ளே கையை விட்டார். மூக்கு இருக்கிற இடத்துக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. தோள் இடித்துக்கொண்டு நின்றது. அப்படியே கையை உள்ளே வைத்துக்கொண்டு, ரெசின் இறுகத் தொடங்குகிறவரை உட்கார்ந்திருந்தார்.